பெரியவர் மனசுல இருக்கிறது பி-யா, சி-யா?

நாலு விடையைக் குடுத்து, அதுல மூணு ஏன் தப்புன்னு சொல்லிக் குடுக்கிறதுதான் என் பொழப்பு. மிச்சம் நிக்கிற ஒண்ணு ஏன் சரின்னு கேட்டீங்கன்னா, அது வேற பாடம், அதுக்கு நான் பொறுப்பில்ல.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு பேக்கரி மாடியில என் கிளாஸ் நடக்குது. கம்ப்யூட்டர் சம்பந்தமா யாரு அப்ஜெக்டிவ் பரீட்சை வெச்சாலும் அதுக்கு ஆள் தயார் பண்றது நான். புரோகிராமிங், நெட்வொர்க், பாஸ்வேர்டு, வைரஸ், அத்தனையும் ஏ, பி, சி, டின்னு நாலு வட்டத்துக்குள்ள அடங்கிடணும். ஞாயித்துக்கிழமை ஆனா அரியலூர்ல ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஹால்ல இன்னொரு பேட்ச். கருப்பு பால்பாயிண்ட் பேனாவைக் கையில புடிச்சுக்கிட்டு, எந்த வட்டத்தை நிரப்புறதுன்னு தெரியாம வேர்த்து ஊத்துன அனுபவம் உங்களுக்கு இருந்தா, வாங்க, நீங்க நம்ம ஆளு. இல்லாதவங்க கொடுத்து வெச்சவங்க, அவங்களும் படிக்கலாம்.

என் முறை ரொம்ப சுலபம். முதல்ல கிறுக்குத்தனமான விடையைத் தள்ளு. அப்புறம் 'எப்போதும்', 'ஒருபோதும்'னு அடிச்சுப் பேசுற விடையைத் தள்ளு. கடைசியா ரெண்டு நிக்கும் பாருங்க, அங்கதான் எல்லாரும் விழுவாங்க. அங்க எது சரின்னு யோசிக்கக் கூடாது. கேள்வி போட்டவர் எதைச் சரின்னு நெனச்சிருப்பார்னு யோசிக்கணும். அவருக்கு எங்க கிளாஸ்ல 'பெரியவர்'னு பேரு. கண்ணாடி போட்டவர், பழைய புத்தகம் வெச்சிருப்பார், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி அவசர அவசரமா கேள்வி போடுவார். இதெல்லாம் நான் கண்ணால பாத்ததில்ல, ஆனா இத்தனை வருஷத்துல அவரை எனக்கு அவ்வளவு தெரியும். "பரீட்சையில உண்மையைத் தேடாதீங்க, பெரியவரைத் தேடுங்க", இதுதான் என் கிளாஸோட தாரக மந்திரம்.

இன்னொண்ணையும் இப்பவே சொல்லிடுறேன். நானும் பரீட்சை எழுதுற ஆளுதான். ஒரு நிறுவனம், பேரு வேண்டாம், கம்ப்யூட்டர் பயிற்றுநர் வேலைக்கு ஆள் எடுத்தது. நிரந்தர வேலை. நம்ம ரெண்டு மாவட்டத்துக்கும் சேத்து விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் இடம். எனக்கு வயசு வரம்பு வந்து முட்டிடுச்சு, இந்தத் தடவை விட்டா அப்புறம் விண்ணப்பம் போடவே முடியாது. என் கிளாஸ்ல படிக்கிறவங்களும் அதே வேலைக்குத்தான் படிச்சாங்க. வாத்தியாரும் படிக்க வந்தவங்களும் ஒரே நாற்காலிக்குப் போட்டி போட்ட கூத்து இது.

நாலாவது பட்டம்

செந்திலுக்கு ஊரு பாடாலூர். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படிச்சவன், வூட்டுல சின்ன வெங்காய வெள்ளாமை. மூளை நல்லாவே வேலை செய்யும், அதுதான் பிரச்சனையே. ஒரு மாதிரித் தேர்வுல ஒரு புரோகிராம் குடுத்திருந்தேன். பூஜ்யத்துலருந்து எண்ண ஆரம்பிச்சு, அஞ்சு வந்ததும் அச்சடிக்காம நிறுத்திடணும். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு 'வணக்கம்' அச்சாகும். மொத்தம் எத்தனை வணக்கம்? பய விரலை மடக்கி, பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு எண்ணி, அஞ்சு வணக்கம்னு கேள்வித்தாள் ஓரத்துல அழகா எழுதிட்டான். அஞ்சுங்கிறது சி. ஆனா வட்டத்துல நாலுன்னு இருக்கிற பி-யை நிரப்பி வெச்சிருக்கான்.

எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு. "ஏண்டா, கணக்கு போட்டு அஞ்சுன்னு எழுதினவன் நீதானே? அப்புறம் என்ன கேடு வந்துச்சு?"ன்னு கேட்டேன். முந்தின மூணு கேள்விக்கும் சி-தான் விடையாம். நாலாவதும் சி-யா வராதாம். "பெரியவரைத் தேடச் சொன்னது நீங்கதானே சார்?"னு என்னையே மடக்குறான். வராதுன்னு யாருடா சொன்னதுன்னு கத்துனேன். அவன் பொறுமையா, எனக்குப் பாடம் எடுக்கிற தோரணையில சொன்னான்: "சார், ஒரே காட்டுல மூணு பட்டம் வெங்காயம் போட்டுட்டா நாலாவது பட்டம் மக்காச்சோளம் போடுறோம்ல? பெரியவரும் விவசாயம் தெரிஞ்சவராத்தான் சார் இருப்பாரு."

நாளைக்குப் பேசுங்க தம்பி

அன்சாரி பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவுல ஒரு கம்பெனி குடோனுக்கு சூப்பர்வைசர். லீவுல ஊருக்கு வந்த மனுஷனுக்கு கம்பெனியிலருந்து மெயில் வந்துடுச்சு: கம்ப்யூட்டர் தொடுற அத்தனை பேரும் பாதுகாப்புப் பரீட்சையை ஆன்லைன்ல எழுதி பாஸ் பண்ணினாத்தான் மறுபடி உள்ள விடுவாங்களாம். பாவம், பிரியாணிக்கும் கல்யாண வூட்டுக்கும் நடுவுல எங்கிட்ட வந்து மாட்டுனாரு. வரும்போதெல்லாம் அத்தர் வாசனை கீழ பேக்கரி பப்ஸ் வாசனையையே அமுக்கிடும்.

ஒரு கேள்வி: 'வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் ஓடிபி எண்ணைக் கேட்டால் என்ன செய்வீர்கள்?' ஏ, சொல்லிவிடுவேன். பி, இணைப்பைத் துண்டித்துவிட்டு நானே வங்கியை அழைப்பேன். சி, பாதி எண்ணை மட்டும் சொல்வேன். டி, மறுநாள் அழைக்கச் சொல்வேன். பாய் டி-யை நிரப்பினாரு. ஏன் பாய்னு கேட்டா, "நம்மள மதிச்சுப் போன் போட்டவர்கிட்ட படக்குனு கட் பண்றதா? வாப்பா அப்புடி வளக்கலீங்க சார்"ங்கிறாரு. திருடன் பாய் அவன், திருடனுக்கு என்ன மரியாதைன்னு ஒரு மணி நேரம் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துனேன். தலையாட்டிக் கேட்டுக்கிட்டாரு.

அந்த வாரமே கிளாஸ் நடுவுல அவருக்கு நெசமாவே அப்படி ஒரு போன் வந்துச்சு. ஸ்பீக்கர்ல போட்டாரு. கார்டு முடங்கப் போகுது, ஓடிபி சொல்லுங்கன்னு அந்தப் பக்கம் ஒருத்தன் துடிக்கிறான். பாய் சாவகாசமா, "கிளாஸ்ல இருக்கேன், நாளைக்குப் பேசுங்க தம்பி"ன்னு வெச்சாரு. மறுநாளும் வந்துச்சு. "ஜும்மாவுக்குக் கெளம்பிட்டேன், நாளைக்குப் பேசுங்க தம்பி." அதுக்கு மறுநாளும். "விருந்தாளி வந்திருக்காங்க, நாளைக்குப் பேசுங்க தம்பி." கடைசியில அந்தத் திருடனே வெறுத்துப்போய் நம்பரை மாத்திட்டான் போல, போன் வரவே இல்ல. பாய் வெற்றிப் புன்னகையோட படியேறி வந்து என்னைக் கேட்டாரு: "அல்ஹம்துலில்லாஹ், டி-யும் வேலை செய்யுது சார். பெரியவர்கிட்ட சொல்லி டி-க்கும் ஒரு மார்க் போடச் சொல்லுங்களேன்."

காலண்டர் இருக்கையில என்ன கவலை

இப்ப தமிழரசியைச் சொல்லணும். இந்தக் கதையே அவளாலதான். எம்.சி.ஏ. படிச்ச பொண்ணு, ஜெயங்கொண்டம் பக்கம். அரியலூர்ல சிமெண்ட் லாரிகளுக்கு லோடு போடுற ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்ல வேலை. காலையில புள்ளையை ஸ்கூல் வேன்ல ஏத்திட்டு, பஸ் மாறி வந்து, அந்தத் தூசியில கம்ப்யூட்டருக்கு மூக்குல துணி கட்டாத குறையா உக்காந்திருப்பா. ஞாயித்துக்கிழமை கிளாஸுக்கு ஒரு நாளும் வராம இருந்ததில்ல. பயிற்றுநர் வேலை கெடச்சா அந்தத் தூசியிலருந்து தப்பிக்கலாம்னு அவளுக்கு ஆசை. "இந்த ஒரு தடவைதான் சார், வூட்டுல கெஞ்சிக் கூத்தாடி ஒரு வருஷம் வாங்கியிருக்கேன்"னு சேரும்போதே சொல்லிட்டா.

ஒரு ஞாயித்துக்கிழமை இந்தக் கேள்வி வந்துச்சு: 'கடவுச்சொல்லைப் பாதுகாக்கச் சிறந்த வழி எது?' ஏ-யும் டி-யும் உளறல், தள்ளியாச்சு. மிச்சம் ரெண்டு. பி, மாதம் ஒருமுறை கட்டாயமாக மாற்றுதல். சி, நீளமாக வைத்துக்கொண்டு, கசிந்தது தெரிந்தால் மட்டும் மாற்றுதல். புதுப் புத்தகங்கள் எல்லாம் சி-ங்குது. அதுதான் உண்மையும். ஆனா பெரியவர்கிட்ட இருக்கிறது பழைய புத்தகமாச்சே, அதுல பி-தான். அதனால பி-யைப் போடுங்கன்னேன். தமிழரசி எந்திரிச்சு நின்னுட்டா. அவ ஆபீஸ்ல மாசா மாசம் மாத்தித்தான் ஆகணுமாம். ஜனங்க எத்தனையத்தான் ஞாபகம் வெச்சுக்கும்? எல்லாரும் அந்தந்த மாசத்துப் பேரையே பாஸ்வேர்டா வெச்சுட்டாங்களாம். யாராச்சும் லீவு போட்டா அவங்க கம்ப்யூட்டரை யாரு வேணும்னாலும் திறந்துக்கலாம். டீ கொண்டு வர்றவருக்குக் கூடத் தெரியுமாம்.

"நீ சொல்றது சரிதாம்மா, ஆனா பெரியவர் உங்க ஆபீஸுக்கு வந்து பாத்தாரா? பி-யைப் போடு"ன்னேன். கிளாஸே சிரிச்சுச்சு. அவ மட்டும் சிரிக்காம உக்காந்து, உக்காரும்போதே சொன்னா: "எங்க ஆபீஸ்ல பாஸ்வேர்டு மறந்துட்டா காலண்டரைப் பாத்தாப் போதும் சார், இதைப் போய் எப்படி சார் பாதுகாப்புன்னு நிரப்புறது?"

நாலு புடவை

இது வூட்டுல நடந்தது. கவிதா, என் வூட்டுக்காரம்மா, மருந்துக் கடையில பில் போடுறாங்க. ஒரு கல்யாணத்துக்குக் கெளம்பும்போது கட்டில்ல நாலு புடவையைப் பரப்பி எதைக் கட்டறதுன்னு கேட்டாங்க. கேட்டா விடுவேனா? பச்சை, பகல் கல்யாணத்துல கண்ணு கூசும், தள்ளு. மஞ்சள், போன கல்யாணத்துக்குக் கட்டியாச்சு, போட்டோவுல இருக்கு, தள்ளு. ஊதா, வெயில்ல கசகசங்கும், தள்ளு. ஆக விடை, மெரூன். முறையா, காரணத்தோட, ஒரு நிமிஷத்துல முடிச்சுட்டேன்.

அரை மணி கழிச்சு பச்சையைக் கட்டிக்கிட்டு வந்து நின்னாங்க. நான் முதல்ல தள்ளுனதே அதைத்தானேன்னு பரிதாபமாக் கேட்டேன். பின் குத்திக்கிட்டே சொன்னாங்க: "நீங்க எதை முதல்ல தள்ளுறீங்கன்னு தெரிஞ்சாப் போதுங்க, எனக்கு விடை கெடச்சிரும்."

வாத்தியாரும் எழுதலாமா?

பரீட்சை அன்னிக்கு பெரம்பலூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல சென்டர். ஹால் டிக்கெட்டைக் காட்டி உள்ள போனா, எனக்கு ஒதுக்குன ஹால்ல பாதிப் பேரு என் பேட்ச். என்னைப் பாத்ததும் பழக்க தோஷத்துல அத்தனை பேரும் எந்திரிச்சு "குட் மார்னிங் சார்"ன்னாங்க. மேற்பார்வைக்கு வந்திருந்த அம்மா, யாரோ பெரிய அதிகாரி திடீர் சோதனைக்கு வந்துட்டாருன்னு பதறி அவங்களும் எந்திரிச்சுட்டாங்க. உக்காருங்க சார்னு அவங்க நாற்காலியையே இழுத்துப் போட்டாங்க. நான் கூனிக் குறுகி, நடு வரிசையில என் நம்பர் ஒட்டியிருந்த பெஞ்சுல போய் உக்காந்தேன். முழங்கால் பெஞ்சுல இடிச்சுச்சு. செந்தில் பக்கத்து வரிசையிலருந்து கட்டை விரலைக் காட்டுறான், படவா.

கேள்வித்தாள்ல பாதி தாண்டுனப்ப அந்தக் கேள்வி கண்ணுல பட்டுச்சு. கடவுச்சொல்லைப் பாதுகாக்கச் சிறந்த வழி எது. நாங்க வெச்ச அதே பி, அதே சி. எனக்குள்ள ஒரு குஷி. பெரியவரே, வந்துட்டீங்களான்னு மனசுக்குள்ள ஒரு கும்பிடு போட்டேன். உண்மை சி. பெரியவர் பி. ஒரு நொடிகூட யோசிக்கல, பி-யை நிரப்பிட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன். தாளை வாங்க வந்தப்ப அந்த மேற்பார்வை அம்மா, இத்தனை நேரம் அடக்கி வெச்சிருந்ததைக் குனிஞ்சு மெதுவாக் கேட்டாங்க: "தப்பா நெனச்சுக்காதீங்க சார், வாத்தியாரும் எழுதலாம்னு ரூல்ஸ்ல இருக்குங்களா?"

போடக் கை வரல

பரீட்சை எழுதுன எல்லாருக்கும் இந்தக் கட்டம் தெரியும். உத்தேச விடைன்னு ஒண்ணை வெளியிடுவாங்க. அதைப் பாத்து மார்க் கூட்டி, வாட்ஸப் குரூப்புல போட்டு, கட் ஆஃப் இங்க நிக்கும் அங்க நிக்கும்னு ஆளாளுக்கு ஜோசியம் சொல்லுவாங்க. அதுல ஏதாவது விடை தப்புன்னு தோணினா, ஆதாரத்தோட ஆட்சேபம் அனுப்பலாம், அதுக்குக் கொஞ்ச நாள் அவகாசம். எங்க குரூப்புல எல்லாரும் போட்டதை வெச்சுப் பாத்தா, நான் சரியா கோட்டு மேல நிக்கிறேன். கடைசி இடம், ஆனா உள்ள. தமிழரசி எனக்கு ஒரு மார்க் கீழ. அந்தப் பாஸ்வேர்டு கேள்விக்கு உத்தேச விடை என்ன தெரியுமா? பி. பெரியவர் என்னைக் கைவிடல. கவிதாகிட்ட சொன்னேன், அவங்க எனக்கு ரெண்டு கரண்டி கேசரி வெச்சாங்க.

மறு ஞாயித்துக்கிழமை அரியலூர்ல கிளாஸ் முடிஞ்சதும் தமிழரசி மட்டும் நின்னா. கையில ஒரு தாள். அந்தக் கேள்விக்கு ஆட்சேபம் எழுதிக் கொண்டு வந்திருக்கா. "சார், நீங்க பி-தான் போட்டிருப்பீங்கன்னு தெரியும். அதான் ரெண்டு நாளா போன் பண்ணலாமா வேணாமான்னு இருந்தேன். வேற யார்கிட்ட போய்க் காட்டுறது சார்?" எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "நான் சொன்னதைக் கேட்டு பி போட்டிருந்தா இன்னிக்கு நீயும் உள்ளதானே இருந்திருப்பே? படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"ன்னு கத்துனேன். கத்துனது அவளைத்தானா, என் பயத்தையான்னு எனக்கே தெரியல. அந்த விடை சி-ன்னு மாறினா அவ மேல ஏறுவா, நான் கீழ எறங்குவேன். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னா: "போடத்தான் போனேன் சார், கை வரல. தினம் கண்ணால பாக்குறேன்ல."

சிவப்புப் பேனா

"வெச்சுட்டுப் போ, பாக்கலாம்"னு வாங்கிட்டு வந்துட்டேன். பஸ்ல வரும்போது என் முறைப்படியே யோசிச்சேன். ஏ, தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடலாம். பி, உதவி பண்ற மாதிரி பண்ணி சொதப்பிடலாம். சி, ஒழுங்காத் திருத்திக் குடுக்கலாம். டி, கடைசித் தேதி தாண்டுற வரைக்கும், அன்சாரி பாய் மாதிரி, நாளைக்குப் பேசும்மான்னு சொல்லிக்கிட்டே இருக்கலாம். டி ரொம்ப அழகா தெரிஞ்சுச்சு, மறைக்க மாட்டேன்.

வூட்டுக்கு வந்து சும்மா பாப்போமேன்னு தாளைப் பிரிச்சேன். ஐயோ, என்ன எழுத்து அது! முதல் பாராவுல அவ மேனேஜரைத் திட்டியிருக்கா. ரெண்டாவதுல காலண்டர் கதை. மூணாவதுல, ஒரு தாயின் கண்ணீர்ங்கிற ரேஞ்சுக்குப் போயிட்டா. ஆதாரம்னு கைடு பேரைப் போட்டிருக்கா. கைடையும் நோட்ஸையும் ஏத்துக்க மாட்டோம்னு அறிவிப்புலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கான், இதைக்கூடப் படிக்காம என்னத்த எழுதியிருக்கா! என் கிளாஸ்ல படிச்சவ அனுப்புற தாளா இது? என்னையறியாம சிவப்புப் பேனா கைக்கு வந்துடுச்சு. மேனேஜரை அடிச்சேன், கண்ணீரை அடிச்சேன். அலமாரியிலருந்து புதுப் பாடப் புத்தகங்களை இறக்கி, எந்தப் பக்கத்துல எந்த வரின்னு குறிச்சு, பக்கத்தைப் போட்டோ எடுத்து, ஏன் பி தப்பு, ஏன் சி சரின்னு வரிவரியா எழுதினேன். மூணு விடை ஏன் தப்புன்னு மட்டுமே சொல்லிப் பழகின எனக்கு, ஒரு விடை ஏன் சரின்னு எழுதுறது புதுசா இருந்துச்சு, நல்லாவும் இருந்துச்சு.

முடிச்சு நிமிந்தப்பதான் நான் என்ன பண்ணிட்டேன்னு உறைச்சுச்சு. கவிதா எதிர்ல உக்காந்து அவரைக்காய் நறுக்கிக்கிட்டிருந்தாங்க. "வேணாம்னு சொல்லு, கிழிச்சுப் போட்டுடுறேன்"னேன். எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. கத்தியை நிறுத்தாமலே சொன்னாங்க: "வேலை இல்லாட்டியும் உங்களோட குடும்பம் நடத்திருவேங்க. தப்பான விடையைத் திருத்தாம விட்டுட்டு வந்து வூட்டுல உக்காந்திருக்கிற உங்களோடதான் ஒரு நாளும் முடியாது."

மாசா மாசம்

தாளை மறுநாளே தமிழரசிகிட்ட சேத்துட்டேன், அவ கடைசித் தேதிக்குள்ள அனுப்பிட்டா. இறுதி விடை வந்துச்சு. அந்தக் கேள்விக்கு பி-யை எடுத்துட்டு சி-யைப் போட்டிருந்தாங்க. அப்புறம் பட்டியல் வந்துச்சு. தமிழரசி நம்பர் இருந்துச்சு. என் நம்பரைத் தேடுனேன், மேலருந்து கீழ, கீழருந்து மேல. இல்ல. எதிர்பாத்ததுதான், ஆனாலும் பேக்கரி மாடிப்படியில போய் உக்காந்து கொஞ்ச நேரம் அழுதேன். பப்ஸ் வாங்க வந்தவங்க ஒரு மாதிரி பாத்துட்டுப் போனாங்க. செந்தில் வந்து பக்கத்துல உக்காந்தான். அவனுக்கும் இல்ல. "சார், அடுத்த தடவை நான் சி-யையே போடுறேன் சார்"னு தோளைத் தட்டினான். பயலுக்கு இன்னும் வயசு இருக்கு.

தமிழரசி வூட்டுக்கே வந்தா, புள்ளையைக் கூட்டிக்கிட்டு, தட்டுல பழம் வெத்தலையெல்லாம் வெச்சு. பேச வாயெடுத்தா, அழுதா, மறுபடி வாயெடுத்தா, அழுதா. கவிதாதான் அதட்டி உக்கார வெச்சு காபி குடுத்தாங்க. நான், "அங்க போயும் வட்டத்தை நிரப்பவே சொல்லிக் குடுக்காதே, கம்ப்யூட்டரையும் சொல்லிக் குடு"ன்னேன். நெசமாவே சொல்றேன், அந்த நிமிஷம் எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அவ போனப்புறம் கொஞ்சம் குறைஞ்சுச்சு, அதையும் சொல்லிடணும்ல.

வேலையில சேர்ந்த அன்னிக்கு மத்தியானம் அவகிட்டருந்து போன். கிளாஸ் நடந்துக்கிட்டிருந்துச்சு, ஸ்பீக்கர்ல போட்டேன், எல்லாரும் வாழ்த்து சொல்லிக் கத்துனாங்க. புது ஆபீஸ் எப்படிம்மா இருக்குன்னு கேட்டேன். நல்லா இருக்காம், ஃபேன் இருக்காம், தூசி இல்லையாம், தனி கம்ப்யூட்டராம். அப்புறம் குரலைத் தாழ்த்தி, சிரிக்கிறாளா அழறாளான்னு தெரியாத மாதிரி சொன்னா: "சார், பாஸ்வேர்டு குடுத்தாங்க. கையெழுத்தும் வாங்கிக்கிட்டாங்க. அதை மாசா மாசம் மாத்தியே ஆகணுமாம் சார்."

ஆகவே, கூட உக்காந்து வட்டம் நிரப்புற சொந்தங்களே, கேள்வி போடுறவரும் விடை திருத்துறவரும் ஆபீஸ்ல பாஸ்வேர்டு குடுக்கிறவரும் என்னைக்காவது ஒரு நாள் ஒருத்தரை ஒருத்தர் பாத்துப் பேசிக்கிற வரைக்கும், என் பேக்கரி மாடி கிளாஸுக்கு ஆள் வரத்து குறையவே குறையாது.